சுமக்கும் பட்டையின் தோலும் நரம்பும்

தேய்ந்து கழற்றப்பட்ட கன்வேயர் பெல்ட்டின் துண்டொன்றைக் கையில் எடுத்து, கத்தி அறுத்துச் சென்ற அதன் விளிம்பைச் சற்றே உற்று நோக்குவோமாயின், மேலே அரை விரற்கடையளவு கறுத்த ரப்பரும், கீழே அதனினும் மெல்லிய மற்றொரு ரப்பர்ப் படலமும், இவ்விரண்டிற்கும் நடுவே ஏட்டுச் சுவடியின் ஓலைகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்த நெசவுத் துணிகளும் புலப்படும். மேலுள்ளதைத் தோல் என்றும் நடுவிலுள்ளதை நரம்பு என்றும் கொள்ளலாம். விழும் சுமையின் அடியைத் தோல் ஏற்கிறது, இழுக்கும் யந்திரத்தின் பலத்தை நரம்பு ஏற்கிறது. எந்த வஸ்துவினால் செய்த பெல்ட் சிறந்தது என்று கேட்பவருக்குத் தொழில் தெரிந்தவர் உடனே விடை சொல்லிவிடுவதில்லை. என்ன ஏற்றப் போகிறீர், எங்கே ஓட்டப் போகிறீர் என்று அவரே இரண்டு கேள்விகளைத் திருப்பிப் போடுவார். அவ்விரண்டு கேள்விகளையும் மனிதன் கற்றுக்கொண்ட வரலாறே இந்தப் பட்டையின் சரித்திரம்.

1795-ஆம் ஆண்டில், அமெரிக்கரான ஆலிவர் ஈவன்ஸ் மாவாலைக்காரர்களுக்கென்று வெளியிட்ட கைந்நூலில், இரண்டு கப்பிகளின்மேல் ஓயாது சுழன்று மாவைக் கொண்டு செல்லும் அகன்ற வாரொன்றை வருணித்து, அதனை மெல்லிய தோலிலோ கித்தானிலோ ஃபிளானல் துணியிலோ செய்துகொள்ளலாம் என்கிறார். மூன்றில் எதுவாயினும் சரி என்று அவர் விட்டுவிட்டதற்குக் காரணம், மாவு சாது; அது வாரைக் கிழிப்பதுமில்லை, சுடுவதுமில்லை. யந்திரச் சக்கரங்களைச் சுழற்றும் வேலையிலோ தோல்வாருக்கே நெடுங்காலம் முதல் மரியாதை இருந்தது. இங்கிலாந்தின் ஹல் நகரில் 1861-இல் ஜோசப் ஹென்றி ஃபென்னர் தொடங்கியதும் தோல்வார்த் தொழிலே. எனினும் தோல், நனைந்தால் நீண்டு தொய்யும், உலர்ந்தால் வெடிக்கும், மழையும் வெயிலும் மாறிமாறி விழும் துறைமுகத்துக்கும் சுரங்க வாயிலுக்கும் அது ஏற்றதன்று.

ரப்பருக்கும் அக்காலத்தில் குறையில்லாமல் இல்லை. கோடையில் பிசுபிசுத்து, குளிரில் விறைத்துப்போகும் அந்த ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் அது இருதுக்களின் மாறுதலைப் பொருட்படுத்தாத உறுதி பெறும் என்பதைச் சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டு, 1844-இல் காப்புரிமை பெற்ற பிறகே, பருத்திக் கித்தானில் ரப்பரைப் பூசிச் செய்த பெல்ட்டுகள் ஆலைகளுக்குள் நம்பிக்கையுடன் நுழைந்தன.

ஆயினும், தோலுக்கும் நரம்புக்கும் தர்மம் வேறு என்பது தெளிவானது எடிசனின் இரும்புத்தாது ஆலையிலேதான். நியூ ஜெர்ஸியில் மலைப்பாறையை உடைத்துப் பொடியாக்கி, அதிலுள்ள இரும்பைக் காந்தத்தால் பிரித்தெடுக்க எடிசன் நிறுவிய அந்த ஆலையில், கூரிய கற்கள் இடைவிடாது விழுந்து கித்தான் பட்டைகளை அரித்துத் தின்றுகொண்டிருந்தன. 1891-இல் அங்கே சென்ற தாமஸ் ராபின்ஸ் என்ற இளைஞர் தேய்ந்த பட்டைகளைக் கூர்ந்து பார்த்தபோது, பலமுள்ளதென்று நம்பிய பருத்தி நைந்து கிடக்க, வெறும் மேற்பூச்சாகத் தடவியிருந்த மெல்லிய ரப்பரோ அதைவிட நெடுநாள் தாக்குப்பிடித்திருக்கக் கண்டார். வெள்ளத்தில் நாணல் வளைந்து நிமிர்வதுபோல, ரப்பர் கல்லின் அடிக்குச் சற்றே உள்வாங்கிப் பின் மீள்கிறது. துணியோ எதிர்த்து நின்று அறுபடுகிறது. ஆகவே பலத்துக்குத் துணியும் தேய்மானத்துக்கு ரப்பரும் என்று அவர் பணியைப் பங்கிட்டார். பட்டையின் ஓரங்களைவிடச் சுமை விழும் நடுப்பகுதியில் ரப்பரின் கனத்தைக் கூட்டினார். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் அவருடைய பெல்ட்டுக்கு முதற் பெரும் பரிசு கிடைத்தது.

அந்த ரப்பரின் சரித்திரத்தில் தமிழருக்கும் ஒரு ஸ்தானமுண்டு. இருபதாம் நூற்றாண்டில் உலகத்து ஆலைகளுக்குப் பெருவாரியாகப் பாலூட்டியது மலாயா. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரங்களைச் சீவியவர்களில், நாகப்பட்டினத்தில் கப்பலேறிச் சென்ற நம்மவர் பல்லாயிரவர். 1942-இல் ஜப்பானியர் மலாயாவைக் கைக்கொண்டபோது அந்தப் பால் நேசநாடுகளுக்கு வற்றிப்போக, அமெரிக்கா அவசரமாகச் செயற்கை ரப்பரைப் பெருமளவில் காய்ச்சத் தலைப்பட்டது. நரம்பிலும் மாறுதல் வந்தது. பருத்தி நீரைக் குடிக்கும், பூஞ்சணம் பிடிக்கும். பலம் வேண்டி அடுக்குகளைக் கூட்டினாலோ பெல்ட் தடித்து, உருளைகளின்மேல் தொட்டில்போல் குழிந்து உட்கார மறுக்கும். எனவே பிற்காலத்தில் நீளாத பாலியெஸ்டர் பாவாகவும், வளைந்து கொடுக்கும் நைலான் ஊடையாகவும் அமைந்த துணி பருத்தியின் இடத்தைப் பிடித்தது. அதுவும் போதாத நெடுந்தூரங்களுக்கு ரப்பரின் நடுவே எஃகுக் கயிறுகளைப் புதைத்தார்கள். 1956-இல் அமைந்த நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் சுரங்கங்களில், வாளிச்சக்கர யந்திரங்கள் வெட்டித் தள்ளும் மண்ணைச் சுமந்தோடுவன இத்தகைய எஃகுநரம்புப் பட்டைகளே. அங்கே பழுப்பு நிலக்கரியை மூடிக்கிடக்கும் கடலூர் மணற்கல் யந்திரத்தின் எஃகுப் பற்களையே தேய்த்துவிடும் தன்மையது. ஆதலால் அந்தப் பெல்ட்டின் தோலை நிர்ணயிக்க வேண்டியது நிலக்கரியைவிட அந்த மணற்கல்லே என்பது பிரத்தியட்சம்.

இவ்வளவும் தேய்மானத்தையும் இழுப்பையும் பற்றிய சிந்தனை. எங்கே ஓட்டப் போகிறீர் என்ற இரண்டாவது கேள்வியை உலகம் கற்றதோ பெருந் துக்கத்தின் வாயிலாக. ரிச்சர்டு சட்கிளிஃப் என்பவர் நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்துக்கென்று 1905-இல் பெல்ட்டை அமைத்த நாள்முதல், ஆழத்தில் ஓடுவதற்கும் வெளியே ஓடுவதுபோலவே ரப்பரும் பருத்தியும் போதும் என்றே கருதி வந்தனர். 1950-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் தேதி, இங்கிலாந்தில் டெர்பிஷயரைச் சேர்ந்த கிரெஸ்வெல் சுரங்கத்தில், பொழுது புலராத வேளையில், ஒரு பெல்ட்டிலிருந்து மற்றொரு பெல்ட்டுக்கு நிலக்கரி கைமாறும் இடத்தில் பட்டை கிழிந்தது. கிழிந்த துண்டுகள் சரிவுக்குழாயை அடைத்துக்கொள்ள, ஓட்டம் நில்லாத பெல்ட் அவற்றின்மேல் உராய்ந்து, உராய்வு சூடாகி, சூடு தீயாயிற்று. மூச்சுக்கென்று உள்ளே செலுத்திய காற்றே நச்சுப் புகையையும் ஏந்திச் சென்று தொழிலாளரிடம் சேர்த்தது. 80 பேர் மாண்டனர். அந்தப் பெல்ட் நிலக்கரியைச் சுமப்பதற்கு எவ்விதத்திலும் தகுதியற்றதன்று. அது ஓடிய இடத்துக்கே தகாதது.

அதன்பின் சுரங்கங்களுக்குத் தீப்பற்றாத பெல்ட் வேண்டுமென்ற நிர்ப்பந்தம் பிறந்து, அடுக்கடுக்காய் ஒட்டாமல் ஒரே கனமாக நெய்த துணியைப் பி.வி.சி.யில் ஊறவைத்துச் செய்யும் முறை மேலோங்கியது. பி.வி.சி. ரப்பரைப்போல் கல்லடியைத் தாங்காது. சூட்டில் இளகும், குளிரில் விறைக்கும், செங்குத்தான ஏற்றத்தில் சுமை வழுக்கும். இத்தனை குறைகளையும் தெரிந்தே ஏற்றுக்கொண்டார்கள். தோல்வாரில் தொடங்கிய ஹல் நகரத்து ஃபென்னர் தொழிலகமும் இம்மாறுதலில் முன்னின்றது; அதே பெயர் தாங்கி மதுரைப் பக்கத்தில் இயங்கும் ஆலையிலும் சுரங்கங்களுக்கான இவ்வகைப் பெல்ட் நெய்யப்படுகிறது.

அத்தகைய பெல்ட்டுக்கு ஒரு பரீட்சை உண்டு. பட்டைத் துண்டொன்றை அசையாமல் இழுத்துப் பிடித்து, அதனடியில் எஃகு உருளையொன்றை வேகமாகச் சுழலவிடுகிறார்கள். உராய்வில் பட்டை கருகலாம், புகையலாம், அறுந்தும் போகலாம். ஆனால் சுடர் ஒன்று தோன்றிவிட்டால் அது தேறாது. பெல்ட் தடைபட்டு நிற்கையில் யந்திரம் நில்லாமல் ஓடினால் என்ன நேரும் என்று கிரெஸ்வெல்லில் யாரும் கேளாமல் விட்ட கேள்வியை, பரீட்சைச் சாலையின் அந்த உருளை ஒவ்வொரு புதிய பெல்ட்டிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறது.