அரிசி வற்றலின் சுவைகளும் அவற்றின் காலமும்: காவிரிப் படுகையை முன்வைத்து

திறவுச்சொற்கள்: கூழ்வற்றல், வடாம், மிளகாய், ஜவ்வரிசி, காவிரிப் படுகை

தஞ்சை வட்டாரத்தில் வற்றல் என்றும் வடாம் என்றும் வழங்கும் பொரிபண்டம், 'தொன்றுதொட்டு வரும் உணவு' என்ற ஒற்றைத் தொடராலேயே பெரும்பாலும் அறிமுகப்படுத்தப்படுகிறது. அத்தொடர் அதன் அடிப்படைப் பொருளான அரிசிக்கு ஓரளவு பொருந்தும், சுவைகளுக்குப் பொருந்தாது. சீரகம், எள், ஓமம், பச்சை மிளகாய், தக்காளி, ஜவ்வரிசி என இன்று ஒரே பாயில் அருகருகே காயும் வற்றல்கள் ஒரே காலத்தைச் சேர்ந்தவை அல்ல.

சோழர், பாண்டியர் காலக் கோயிற் கல்வெட்டுகள் திருவமுதுக்குரிய பொருள்களை நாழி, உரி, ஆழாக்கு என அளவிட்டுக் கூறுகின்றன. அரிசி, நெய், தயிர், மிளகு, சீரகம், புளி, உப்பு ஆகியன அவற்றுள் மீண்டும் மீண்டும் வருகின்றன. வரகுண பாண்டியனின் அம்பாசமுத்திரக் கல்வெட்டு பொரிக்கறியைத் தனியே குறிக்கிறது. வற்றலைப் பற்றி இத்தகைய பட்டியல்கள் பேசுவதில்லை என்பதைக் கொண்டு அக்காலத்தில் அது இல்லை எனத் துணிவது தவறு. பண்டாரத்திலிருந்து அளந்து கொடுத்தவற்றையே கல்வெட்டு எழுதியது. வீட்டு முற்றத்தில் பெண்கள் பிழிந்து உலர்த்தியதை எழுதவேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை. கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் மானசோல்லாசம் (12-ஆம் நூற்றாண்டு) 'பர்ப்பட'த்தைச் சொல்கிறது. எனினும் அது அப்பளத்திற்கு உறவே தவிர, அரிசிக் கூழைப் பிழியும் வற்றலுக்கு நேர்ச்சான்று ஆகாது.

சுவைகளுக்கு வரும்போது சான்றுகள் தெளிவடைகின்றன. இடைக்காலத்தில் காரம் என்பது மிளகே. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் வந்தது. மிளகின் பெயரைக் கடன்வாங்கிய 'மிளகாய்' என்ற சொல்லே அதன் புதுவரவைக் காட்டும். தக்காளியில் நிகழ்ந்தது வேறு. அப்பெயர் முன்பு இந்நாட்டுச் சிறுசெடி ஒன்றைக் குறித்தது. அமெரிக்கக் கனி முதலில் 'சீமைத்தக்காளி'யாக வந்து, பின்னர் முன்னொட்டை உதிர்த்தது. பழைய நூல்களில் 'தக்காளி' என்ற சொல்லைக் கண்டவுடன் இன்றைய தக்காளியைக் கருதுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

ஜவ்வரிசி வடாமின் வரலாறு இன்னும் வியப்பானது. 'சாகு' என்ற மலாய்ச் சொல்லோடு தொடர்புடைய இப்பெயர், தென்கிழக்காசியப் பனைவகை மரத்தின் மாவிலிருந்து செய்யப்பட்டு இறக்குமதியான மணிகளுக்கு உரியது. இரண்டாம் உலகப்போரில் அவ்வரத்து நின்றது. 1943-இல் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து மாற்றுப்பொருள் செய்யும் முயற்சி தொடங்கியது. மரவள்ளியும் அமெரிக்கப் பயிரே. ஆக, மலாய்ப் பெயரும் அமெரிக்கக் கிழங்கும் சேலத்து ஆலையும் சேர்ந்த பண்டம் இன்று தஞ்சைக் கல்யாண இலையில் 'பாரம்பரிய'மாக அமர்ந்திருக்கிறது. அதில் குறை ஒன்றும் இல்லை; காலத்தைப் பிழையாகச் சொல்வதுதான் குறை.

வற்றல் போடும் பருவம் வேளாண் நாட்காட்டியைச் சார்ந்தது. சம்பா அறுவடை தை, மாசியில் முடிகிறது. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படுகிறது. இடைப்பட்ட பங்குனி, சித்திரையில் வெயிலும் ஓய்வும் கூடுகின்றன. கூழ் காய்ச்சும்போது வெந்து விரிந்த மாச்சத்து வெயிலில் இறுகுகிறது. எஞ்சிய சிறிதளவு ஈரம் கொதிக்கும் எண்ணெயில் ஆவியாகி உள்ளிருந்து தள்ளுவதால் வற்றல் பூக்கிறது. மாச்சத்தின் தன்மை நெல்லுக்கு நெல் வேறுபடும் என்பதால், எந்த அரிசி என்பது இங்கு முதன்மையான கேள்வி.

அரிசியும் மாறாமல் இருந்துவிடவில்லை. 1922-இல் தொடங்கப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆடுதுறை 27, 1960-களின் நடுவில் குறுவை வயல்களில் பரவியது. அடுத்தடுத்துப் பல குறுகிய காலப் பயிர்கள் வந்தன. பழைய சம்பா வகைகள் பல சுருங்கின. வற்றலுக்கான வீட்டுக் குறிப்புகள் பெரும்பாலும் 'பழைய அரிசி' என அரிசியின் வயதைச் சொல்கின்றன. நெல்லின் பெயரைச் சொல்வதில்லை.