அடைக்கலம் தந்த மலையூர்

போர்களின் வரலாற்றைக் கற்பிக்கும்போது நாம் படையெடுப்புகளையும் முற்றுகைகளையும் உடன்படிக்கைகளையும் வரிசைப்படுத்திச் சொல்லிவிடுகிறோம். போரினால் வீடிழந்தவர் எங்கே சென்றனர், யார் வீட்டுக் கதவைத் தட்டினர், கதவைத் திறந்தவர் யார் என்னும் வினாக்களுக்குப் பாடப் புத்தகங்களில் இடம் அரிதாகவே கிடைக்கிறது. 30 ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் வரலாறு சொல்லித்தந்த என்னை இக்குறை நெடுநாளாக உறுத்தி வந்திருக்கிறது. ஆகவே, இரண்டாம் உலகப் போரின்போது பிரெஞ்சு நாட்டு மலையூர் ஒன்றில் ஒரு சிறிய கிறிஸ்தவத் திருச்சபை அகதிகளுக்கு அடைக்கலம் அளித்த வரலாற்றை நேயர்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

அவ்வூரின் பெயர் லெ ஷாம்போன். பிரான்சின் தென்நடுப் பகுதியில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில், லின்யோன் என்னும் சிற்றாற்றின் கரையில் அது அமைந்திருக்கிறது. குளிர்காலத்தில் பனி மூடிக்கொள்ளும், பாதைகள் அடைபட்டுவிடும். கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழ்ந்த அந்நாட்டில், இம்மேட்டுநிலத்து உழவர்களில் மிகுதியானோர் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். இவர்களுடைய முன்னோர் ஹியூகெனாட்டுகள் எனப்பட்டனர். 1598இல் நான்காம் ஹென்றி மன்னர் நான்ட் நகரில் பிறப்பித்த ஆணை அவர்களுக்கு வழிபாட்டுரிமை தந்தது. 1685இல் பதினான்காம் லூயி அதனை நீக்கினார். அதன்பின் ஒரு நூற்றாண்டுக் காலம் அவர்கள் காட்டிலும் மலைச்சரிவிலும் ஒளிந்து கூடியே இறைவனை வழிபட்டனர். பிடிபட்ட ஆடவர் கப்பல்களில் துடுப்பு வலிக்கும் அடிமைகளாயினர். மரி துரான் என்னும் பெண்மணி தம் சமயத்தைக் கைவிட மறுத்தமைக்காக, 1730 முதல் 1768 வரை 38 ஆண்டுகள் ஒரு கோபுரச் சிறையில் அடைபட்டுக் கிடந்தார். வேட்டையாடப்படுவது என்றால் என்ன என்பதை அம்மலைமக்கள் ஏட்டில் படித்து அறியவில்லை. தம் குடும்பக் கதைகளிலிருந்தே அறிந்திருந்தனர்.

இத்துடன் இன்னொன்றும் சேர்ந்தது. 1893இல் லூயி கோம்த் என்னும் போதகர், அருகிலிருந்த தொழில் நகரமாகிய செந்த் எத்தியேனின் நலிந்த ஏழைச் சிறுவர்களை நல்ல காற்றுக்காகவும் நல்ல உணவுக்காகவும் இம்மலைக்கு அனுப்பும் பணியைத் தொடங்கினார். உழவர் குடும்பங்கள் அவர்களைத் தம் வீட்டுப் பிள்ளைகளோடு வைத்துப் பேணின. அயலார் பிள்ளைக்குக் கட்டில் போட்டுக் கஞ்சி வார்ப்பது அவ்வீடுகளுக்கு இரண்டு தலைமுறையாகப் பழகிப்போன செயல். பின்னாளில் நிகழ்ந்தவற்றுக்கு இப்பழக்கம் ஒரு பெருங்காரணம் என்பது என் கருத்து.

1934இல் ஆந்த்ரே திரோக்மே என்பவர் அவ்வூர்ச் சபைக்குப் போதகராக வந்தார். 1938இல் அவரும், அவருடைய நண்பரும் போதகருமான எத்வார் தெய்ஸும் ஓர் உயர்நிலைப் பள்ளியைத் தோற்றுவித்தனர். தெய்ஸ் அதன் தலைமையாசிரியரானார். 1940 ஜூன் 22இல் பிரான்சு ஜெர்மனியிடம் போர்நிறுத்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நாடே திகைத்து நின்ற அன்று, இருவரும் தம் சபையோருக்கு ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்கள்: மனச்சாட்சியின் மீது வன்முறை செலுத்தப்படுமாயின் ஆன்ம ஆயுதங்களைக்கொண்டு அதனை எதிர்த்து நிற்பது கிறிஸ்தவரின் கடமை என்பதே அது.

அந்த ஆண்டு அக்டோபரிலேயே, விஷி நகரில் அமைந்த மார்ஷல் பெத்தேனின் அரசாங்கம் யூதர்களைப் பொதுப்பணிகளிலிருந்து விலக்கும் சட்டத்தை இயற்றியது. அதே மாதம் ஜெர்மனியின் பாடன், பலாட்டினேட் பகுதிகளிலிருந்து 6,500 யூதர்கள் வரையில் இரயிலில் ஏற்றப்பட்டு, பிரான்சின் தெற்கேயுள்ள குர்ஸ் முகாமில் இறக்கப்பட்டனர். சேறும் பசியும் நோயும் நிறைந்த முகாம் அது. மதலேன் பாரோ அம்மையார் தலைமையில் இயங்கிய ‘சிமாத்’ என்னும் புராட்டஸ்டண்டு இளைஞர் அமைப்பினர் அம்முகாமுக்குள்ளேயே சென்று தங்கித் தொண்டாற்றினர். போதகர் திரோக்மேயும் முகாம்களில் பணி செய்ய விரும்பி, மார்செய் நகரில் இருந்த அமெரிக்க குவேக்கர் சங்கத்தாரை அணுகினார். முகாம்களிலிருந்து சிறுவர்களை மீட்க முடியும். ஆனால் அவர்களை ஏற்கும் ஊர்தான் இல்லை. உங்கள் ஊர் ஏற்குமா என்று அவர்கள் கேட்டனர். ஊர் ஏற்றது. குவேக்கர்களும் சுவிட்சர்லாந்துக் குழந்தை உதவிச் சங்கத்தாரும் பொருளுதவி செய்ய, சிறுவர் இல்லங்கள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன.

அதற்கு முன்பே ஒரு குளிர்கால மாலையில் போதகர் இல்லக் கதவை ஒரு பெண் தட்டியிருந்தாள். ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த யூதப் பெண். போதகரின் மனைவி மக்தா அம்மையார் அவளை உள்ளே அழைத்து, உணவளித்து, அடுப்பருகே அமர்த்தினார். பின்னர் அவளுக்கு உரிய அத்தாட்சிச் சீட்டுப் பெற வேண்டி ஊர்த்தலைவரிடம் சென்றார். அவரோ, இத்தகையோரை வைத்திருந்தால் ஊருக்கே ஆபத்து, உடனே அனுப்பிவிடுங்கள் என்றார். உதவி கேட்க வேண்டிய இடம் எது, கேட்கக் கூடாத இடம் எது என்பதை அம்மையார் அன்று கற்றுக்கொண்டார்.

பின்னர் வேலை ஒழுங்காக நடந்தது. அகதிகள் சிற்றிரயிலில் வந்து இறங்குவர். விடுதிகளிலும், பள்ளி மாணவர் இல்லங்களிலும், தொலைதூரப் பண்ணை வீடுகளிலும் பிரித்து வைக்கப்படுவர். பொய்ப் பெயரில் அடையாளச் சீட்டும் உணவுப் பங்கீட்டு அட்டையும் ஆயத்தமாகும். அவற்றைத் திறம்படச் செய்தவர்களுள் ஒருவர் தாமே அகதியாக வந்த யூத இளைஞர். ஆண்கள் பொதுப்பள்ளியின் தலைமையாசிரியர் ரோஜே தார்சிசாக் அச்சீட்டுகளுக்கு வேண்டிய புகைப்படங்களை எடுத்துத் தந்தார். பள்ளியிலே அகதிச் சிறுவர்கள் ஊர்ப் பிள்ளைகளோடு ஒரே பலகையில் அமர்ந்து படித்தனர். நாட்டைவிட்டு ஓடிவந்த பேராசிரியர்கள் அங்கே ஆசிரியர்களாயினர். ஊருக்குள் யாரும் யாரையும் துருவிக் கேட்கவில்லை. பெயரை அறியாதிருப்பதே பாதுகாப்பாயிற்று.

1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிசில் சுமார் 13,000 யூதர்களைப் பிரெஞ்சுப் போலீஸாரே வளைத்துப் பிடித்தனர். அவர்களுள் 4,000 பேருக்கு மேல் குழந்தைகள். அடுத்த மாதம் 10ஆம் தேதி விஷி அரசின் இளைஞர் துறைத் தலைவர் ஜார்ஜ் லமிரான் லெ ஷாம்போனுக்கு வருகை தந்தார். அப்போது உயர்வகுப்பு மாணவர்கள் சிலர் அவர் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தனர். பாரிசில் நடந்த கொடுமையை நாங்கள் அறிவோம். எங்களோடு யூத மாணவரும் இருக்கின்றனர். நாங்கள் வேறுபாடு பாராட்டுவதில்லை. அவர்களைப் பிடிக்க ஆணை வந்தால் அவர்களை ஒளித்துவைக்க முயல்வோம் என்பது அதன் சாரம். இளைஞர் எழுதிய கடிதமாயினும் அதற்கு ஈடான துணிவு அக்காலத்துப் பெரியோர் பலரிடத்தில் காணப்படவில்லை. இரு வாரங்களில் போலீஸார் பேருந்துகளோடு வந்து, யூதர்களின் பட்டியலைக் கேட்டனர். திரோக்மே தர மறுத்தார். அன்றிரவே சாரணச் சிறுவர்கள் பண்ணைதோறும் ஓடிச் செய்தி சொல்ல, அகதிகள் காட்டுக்குள் மறைந்தனர். பல நாள் தேடியும் பேருந்துகள் ஏறக்குறைய வெறுமையாகவே திரும்பின.

இதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1943 பிப்ரவரியில் திரோக்மே, தெய்ஸ், தார்சிசாக் ஆகிய மூவரும் கைதாகி முகாமில் அடைக்கப்பட்டனர். மூவருள் இருவர் தலைமையாசிரியர்கள் என்பதை என் தொழில்பற்றினால் சற்று அழுத்திச் சொல்கிறேன். ஒரு மாதம் கழித்து, மார்ஷலின் ஆணைகளுக்குக் கீழ்ப்படிவதாகக் கையெழுத்திட்டால் விடுதலை என்றார்கள். போதகர் இருவரும் மறுத்துவிட்டனர். எனினும் மறுநாளே விடுவிக்கப்பட்டனர். அவ்வாண்டு ஜூன் 29இல் ஜெர்மானியக் கெஸ்தாப்போவினரே ஒரு மாணவர் விடுதியைச் சூழ்ந்து, 18 மாணவரைப் பிடித்தனர். விடுதிப் பொறுப்பாளர் தானியேல் திரோக்மே, போதகரின் உறவினர், ஆசிரியர். அவர் அப்போது வேறோர் இல்லத்தில் இருந்தார். தப்பிச் செல்ல நேரமும் இருந்தது. என் மாணவர் அங்கே இருக்கின்றனர் என்று அவர் விடுதிக்கே சென்றார். 1944 ஏப்ரலில் போலந்திலுள்ள மய்தானெக் முகாமில் உயிர்நீத்தார்.

1943 கோடைக்குப்பின் போதகர் இருவரும் தலைமறைவாக வேண்டியதாயிற்று. தலைவர்கள் இல்லாத ஊரில் பணி நின்றதா? நிற்கவில்லை. பெண்களும் உழவர்களும் மாணவர்களும் அதனை நடத்திச் சென்றனர். தெய்ஸ், சிமாத் அமைப்போடு சேர்ந்து அகதிகளைச் சுவிட்சர்லாந்து எல்லை கடத்திவிடும் வேலையில் ஈடுபட்டார். அடைக்கலம் ஒரு போதகரின் வீரச் செயலாக மட்டும் இருந்திருந்தால் அவர் போனதும் அதுவும் போயிருக்கும். அது வீடுகளின் வழக்கமாகிவிட்டிருந்தமையால் நிலைத்தது.

வரலாற்று நேர்மை கருதி மறுபக்கத்தையும் கூறவேண்டும். எல்லாத் திருச்சபையாரும் இவ்வாறு நடந்துகொள்ளவில்லை. 1940இல் யூத விரோதச் சட்டம் வந்தபோது கத்தோலிக்க ஆயர்கள் வெளிப்படையாக வாய் திறக்கவில்லை. 1942 ஆகஸ்டில்தான் துலூஸ் பேராயர் சலியேஜ், யூதரும் மனிதரே என வலியுறுத்தும் சுற்றுமடலை, அதிகாரிகளின் தடையை மீறித் தம் ஆலயங்களில் வாசிக்கச் செய்தார். அதன்பின் கன்னியர் மடங்கள் பலவும் குழந்தைகளை ஒளித்துக் காத்தன. 1997இல் பிரெஞ்சு ஆயர்கள், போர்க்காலத்தில் யூதர்கள் அடைத்துவைக்கப்பட்ட திரான்சியில் கூடி, அன்றைய மௌனத்துக்காக மன்னிப்பு வேண்டினர். பிரான்சிலிருந்து ஏறத்தாழ 76,000 யூதர்கள் நாடு கடத்தப்பட்டனர். திரும்பியவர் அவர்களுள் மிகச் சிலரே.

லெ ஷாம்போன் மேட்டுநிலத்தில் காக்கப்பட்டோர் 5,000 பேர் எனப் பல காலம் சொல்லப்பட்டது. பின்வந்த ஆய்வாளர் பலர் அதனைக் குறைத்தே மதிப்பிடுகின்றனர். துல்லியமான கணக்கு கிடைக்காது; ஏனெனில் கணக்கு எழுதினால் உயிர் போகும் என்பதால் எவரும் எழுதவில்லை. வாழ்நாளெல்லாம் வருகைப் பதிவேட்டைப் பிழையின்றி வைத்திருக்க வேண்டும் என்று வற்புறுத்தியவன் நான். எழுதப்படாத அந்தப் பதிவேட்டுக்குத் தலைவணங்குகிறேன்.

1990இல் இஸ்ரேலின் யாத் வாஷெம் நிறுவனம் அவ்வூர் மக்களையும் சுற்றுப்புறத்தாரையும் ஒருசேரக் கௌரவித்தது. ஏன் செய்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு முதிய உழவர்கள் நீண்ட விடை எதுவும் தரவில்லை. வந்தார்கள், வைத்துக்கொண்டோம் என்ற அளவிலேயே அவர்கள் பேசினார்கள். இன்றும் போரினால் ஊரிழந்து அலைவோர் உலகெங்கும் கோடிக்கணக்கில் இருக்கின்றனர். அவர்களுக்காகச் சட்டங்கள் வேண்டும். நாடுகளின் ஒப்பந்தங்கள் வேண்டும். அவற்றோடு, தட்டிய கதவைத் திறந்து பழகிய வீடுகளும் வேண்டும். அப்பழக்கம் போர் வந்தபின் கற்றுக்கொள்ளக் கூடியதன்று. ஏழைச் சிறுவனுக்கு அம்மலையூரில் 1893இல் போட்ட கட்டில்தான் 1942இல் அகதிச் சிறுவனுக்கு உதவியது. நம் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லும்போது இதனையும் சேர்த்துச் சொல்வோமாக.