கிராய்டன்காரரும் மேலே ஓடும் காற்றும்

ஊருக்கு போன் பண்ணும்போது லண்டன் வெயில் பத்திப் பேச்சு வந்தால் என் சித்தப்பாவுக்குச் சிரிப்பு தாங்காது. "நாப்பது டிகிரிக்கா இவ்ளோ அலப்பறை? வேலூர்ல நாங்க ஏப்ரல்லயே பாத்துட்டு வேலைக்குப் போவோம்டா" என்பார்.

அவர் சொல்வது 2022 ஜூலை 19-ஐ. அன்றைக்கு லிங்கன்ஷயரில் கோனிங்ஸ்பி என்ற ஊரில் 40.3 டிகிரி. பிரிட்டனில் 40-ஐத் தாண்டியது அன்றைக்குத்தான் முதல் முறை. லண்டனுக்குக் கிழக்கே வெனிங்டன் கிராமத்தில் வீடுகளே எரிந்து போயின. நான் அப்போ இங்கே இல்லை. மிச்சத்தில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டு அன்ரி சொல்லித்தான் தெரியும். "தம்பி, உள்ளுக்க இருக்கேலாது, வெளியில போகேலாது. இந்த வீடுகள் எல்லாம் குளிருக்குக் கட்டினது." சித்தப்பாவுக்கு அந்தக் கடைசி வரிதான் பதில். அந்தக் கோடையின் வெப்ப அலை நாட்களில் இங்கிலாந்தில் 65 வயது தாண்டியவர்களில் மட்டும் வழக்கத்தைவிட 2,800 பேருக்கு மேல் கூடுதலாக இறந்தார்கள்.

சரி, ஏன் இப்படி ஆச்சு? யாரைக் கேட்டாலும் "ஜெட் ஸ்ட்ரீம்" என்கிறார்கள். இங்கே மழை பெய்தாலும் அதுதான், பெய்யாவிட்டாலும் அதுதான் :-) இந்த விஷயத்தை நோண்டப் போய், மிச்சத்திலிருந்து டிராம் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் கிராய்டனில் வளர்ந்த ஒருவர் மாட்டினார். கில்பர்ட் வாக்கர்.

இவரை நமக்கு வேறு வழியில் தெரிந்திருக்க வேண்டும். 1913 பிப்ரவரியில் மெட்ராஸ் வந்தவரிடம் துறைமுக அலுவலக குமாஸ்தா ஒருவரின் கணக்குகளைக் காட்டினார்கள். பார்த்துவிட்டு, இந்தப் பையனுக்கு உதவித்தொகை கொடுங்கள் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். குமாஸ்தாவின் பெயர் ராமானுஜன். மாசம் 75 ரூபாய் கிடைத்தது.

வாக்கருக்கு இந்தியாவில் என்ன வேலை? 1904-லிருந்து 1924 வரை இந்திய வானிலை ஆய்வகங்களின் தலைவர். ஆனால் மனுஷர் கணக்கு வாத்தியார், வானிலை படித்தவரே இல்லை. 1899-ல் பருவமழை பொய்த்துப் பெரும் பஞ்சம் வந்திருந்தது. அடுத்த மழை எப்போ பொய்க்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? அதுதான் அவர் முன்னால் இருந்த கேள்வி. உலகம் முழுக்க இருந்து காற்றழுத்தம், வெப்பம், மழை அளவுகளைச் சேர்த்து, குமாஸ்தாக்களை உட்கார வைத்துக் கையாலேயே கணக்குப் போட்டார். பசிபிக் பக்கம் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, தராசுத் தட்டு மாதிரி. இதற்கு 'தெற்கு அலைவு' என்று பேர் வைத்தார். பிரிட்டனின் குளிர்காலத்தையே ஆட்டிவைக்கும் 'வட அட்லாண்டிக் அலைவு'க்கும் பேர் வைத்தவர் அவர்தான்.

ஆனால் ஏன் அப்படி நடக்கிறது? அவரால் சொல்ல முடியவில்லை. வெறும் எண் பொருத்தம் என்று பலர் நம்பவில்லை. விளக்கம் மேலடுக்குக் காற்றில் இருக்கலாம், அதை அளக்க இப்போது வசதியில்லை என்ற அளவில் அவர் நிறுத்திக்கொண்டார்.

வேடிக்கை என்னவென்றால், அதே காலத்தில் அந்தக் காற்றை ஒருவர் அளந்துகொண்டிருந்தார். ஜப்பானில் ததேனோ ஆய்வகத்தில் வசாபுரோ ஓயிஷி பலூன் விட்டுப் பார்த்து, குளிர்காலத்தில் ரொம்ப உயரத்தில் ஆறு மாதிரி ஒரு காற்று பாய்கிறது என்று கண்டுபிடித்தார். உலகமே படிக்கட்டும் என்று 1926-ல் எஸ்பராண்டோ மொழியில் வெளியிட்டார். விளைவு, உலகத்தில் கிட்டத்தட்ட யாருமே படிக்கவில்லை. 1944-ல் டோக்கியோவில் குண்டுபோடப் போன அமெரிக்க பி-29 விமானங்கள் அந்தக் காற்றில் சிக்கித் தடுமாறிய பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது.

நம்ம தலைக்கு மேலேயும் ஒன்று உண்டு. பருவமழை மாதங்களில் தென்னிந்தியாவுக்கு மேலே 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காகப் பாய்கிற ஜெட். இந்திய வானிலைத் துறையின் கோட்டீஸ்வரம் 1958-ல் அதைப் பற்றி எழுதினார். அதே 1958-ல்தான் கிராய்டனுக்குத் தெற்கே கூல்ஸ்டனில் வாக்கர் காலமானார். அவருடைய தராசுக்கு விளக்கம் 1969-ல் வந்தது. எல் நினோவையும் அதையும் பியர்க்னஸ் இணைத்தார், அந்தக் காற்றோட்டத்துக்கு வாக்கர் பெயரையே வைத்தார்.

இப்போ இன்றைக்கு வருவோம். பூமத்திய ரேகைப் பக்கச் சூட்டுக்கும் துருவக் குளிருக்கும் உள்ள வித்தியாசம்தான் ஜெட் ஸ்ட்ரீமை ஓட்டுகிறது. 1979-க்குப் பிறகு ஆர்க்டிக், உலக சராசரியைப் போல நாலு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. வித்தியாசம் குறைந்தால் ஜெட் தளர்ந்து, சமவெளி ஆறு போல வளைந்து வளைந்து ஓடும். வளைவு நகராமல் நின்றால் ஒரே வானிலை வாரக்கணக்கில் நிற்கும். 2012-ல் ஜெனிஃபர் ஃப்ரான்சிஸும் வாவ்ரஸும் சொன்னது இதைத்தான். 2010-ல் அப்படி நின்ற ஒரு வளைவால் ரஷ்யா வெந்தது, பாகிஸ்தான் வெள்ளத்தில் மூழ்கியது.

கேட்க அழகாக இருக்கிறது இல்லையா? ஆனால் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் ஸ்க்ரீன் போன்றவர்கள் 2020-ல் தரவுகளை மறுபடி பார்த்துவிட்டு, ஆர்க்டிக் சூட்டால் வளைவுகள் பெரிதானதற்கு ஆதாரம் பலவீனம் என்றார்கள். காரணம், கீழே வித்தியாசம் குறைகிறது, விமானம் பறக்கும் உயரத்தில் கூடுகிறது. இரண்டும் கயிறு இழுக்கின்றன. 2022-ல் வந்த இன்னொரு ஆய்வு, ஜெட் இரண்டாகப் பிரிந்து நிற்கும் நாட்கள் நீள்வதுதான் மேற்கு ஐரோப்பாவின் வெப்ப அலைகளுக்குப் பெரிய காரணம் என்றது. வழக்கு இன்னும் முடியவில்லை.

இங்கேதான் சிலர் தப்பு பண்ணுகிறார்கள். "விஞ்ஞானிகளே அடிச்சுக்கிறாங்க, அப்போ எல்லாமே டூப்பு" என்று கிளம்பிவிடுகிறார்கள். ஜெட் எப்படி வளைகிறது என்பதில்தான் சண்டை. பூமி சூடாவதில் சண்டையே இல்லை. அந்த ஜூலை வெயில் வருவதற்கான வாய்ப்பை மனிதர்கள் ஏற்றிய சூடு குறைந்தது பத்து மடங்கு கூட்டியது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். வளைவு எதனால் வந்தாலும், வந்து உட்காருவது ஏற்கெனவே சூடான காற்றின் மேல்.

வாக்கரிடம் எனக்குப் பிடித்தது இதுதான். தெரிந்ததைத் தெரியும் என்றார். தெரியாததைக் காட்டி, தெரிந்ததை அழிக்கவில்லை. காரணம் முழுசாகப் புரியும்வரை பஞ்சம் காத்திருக்காது என்பதும் அவருக்குத் தெரியும்.

அன்ரி போன வாரம் தெற்குப் பக்க ஜன்னல்களுக்குக் கெட்டித் துணியில் திரை தைத்து மாட்டினார். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டது அடியேன்.