முகந்த நெல், நிறுத்த இரும்பு: காவிரிப் படுகையில் வலுப்பயிற்சிக் கருவிகளின் வரலாறு

தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் அண்மைக் காலத்தில் திறந்த உடற்பயிற்சிக் கூடங்களில் கெட்டில்பெல் என்னும் கருவியைக் காணலாம். பீரங்கிக் குண்டின் தலையில் தடித்த கைப்பிடி ஒன்றை வளைத்து ஒட்டியது போன்ற வார்ப்பிரும்பு அது. அதன் உருவத்தைவிட எடைதான் ஆராயத் தக்கது. வழக்கமான கெட்டில்பெல்கள் 16, 24, 32 கிலோ என்று வருகின்றன. பத்துப் பத்தாக எண்ணிப் பழகிய மெட்ரிக் முறைக்குள் இந்த எண்கள் எப்படி நுழைந்தன? ரஷ்யாவின் பழைய நிறுத்தலளவை 'பூட்'. ஒரு பூட் ஏறத்தாழ 16.38 கிலோ. ஒன்று, ஒன்றரை, இரண்டு பூட்கள்தான் இன்று 16, 24, 32 கிலோவாகத் தஞ்சாவூர் வரை வந்து சேர்ந்திருக்கின்றன. ரஷ்ய மொழியில் இக்கருவிக்குப் பெயர் 'கிர்யா'; தராசுத் தட்டில் வைக்கும் எடைக்கல்லுக்கும் அதே பெயர்தான். தானியச் சந்தையின் எடைக்கல் பயிற்சிக் கருவியான வரலாறு இது. அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நெல்லையே விளைத்து, நெல்லாலேயே கூலியும் வரியும் கொடுத்து வாழ்ந்த காவிரிப் படுகையில், அப்படியொரு கருவி ஏன் உருவாகவில்லை? இங்கு நெல் நிறுக்கப்படவில்லை, முகக்கப்பட்டது என்பதே முதன்மையான காரணம் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. ஒரு நாட்டு மக்கள் எதைத் தூக்கித் தம் வலுவைச் சோதித்தார்கள் என்பதை அந்நாட்டின் அளவை முறையும் நிலமும் பெரிதும் தீர்மானித்திருக்கின்றன.

ரஷ்யப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சந்தைகளில் கோதுமையையும் ரை தானியத்தையும் நிறுக்கக் கைப்பிடி வைத்த இரும்பு எடைகள் பயன்பட்டன. தட்டில் ஏற்றி இறக்கத்தான் கைப்பிடி. வேலை ஓய்ந்த நேரத்தில் அதே எடையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவது விளையாட்டாயிற்று. பிறகு சர்க்கஸ் பலசாலிகளின் வித்தையாயிற்று. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் மருத்துவர் விளதிஸ்லாவ் கிராயெவ்ஸ்கி 1885-இல் தொடங்கிய உடற்பயிற்சி வட்டம் அதற்கு முறையான பயிற்சி வடிவம் தந்தது. 1948-இல் சோவியத் ஒன்றிய அளவில் போட்டி நடந்தது. 1985-இல் விதிகள் வகுக்கப்பட்டு ஒன்றிய வாகையர் போட்டியும் நடந்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பயிற்றுநர் பாவெல் சட்சூலின் அமெரிக்காவில் அதைப் பரப்ப, அங்கிருந்து உலகெங்கும் போயிற்று. சந்தைக் கதை பிற்காலத்தார் புனைந்த அழகான கதையாக இருக்கலாமே என்று ஐயுறுவோர் உண்டு. கதையை நம்ப வேண்டியதில்லை, எண்ணை நம்பினால் போதும். 1920-களில் சோவியத் அரசு மெட்ரிக் முறைக்கு மாறிய பிறகும் கருவியின் எடை பூட் கணக்கை விட்டு நகரவில்லை. உடற்பயிற்சிக்கென்றே ஒருவர் வடிவமைத்திருந்தால் வணிகனின் அலகை அவர் இத்தனை உறுதியாகப் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

இனி காவிரிக் கரைக்கு வருவோம். முதலாம் இராசராசன் (985–1014) எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் இந்தப் பொருளுக்கு ஒப்பற்ற சான்று. அவை ஒரே கோயிலில் இரண்டு அளவை உலகங்களைக் காட்டுகின்றன. கோயிலுக்குத் தந்த பொன் 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுக்கப்பட்டது. மணிகள் பதித்த நகைகளுக்குத் 'தட்சிணமேரு விடங்கன்' என்னும் கல் தனியே இருந்தது. நெல்லுக்கு வந்தால் கல் மறைந்துவிடுகிறது. 'ஆடவல்லான்' என்னும் அதே பெயரோடு முகத்தலளவைப் பாத்திரமான மரக்கால் தோன்றுகிறது. கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கும் பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று அந்த மரக்காலால்தான் அளக்கப்பட்டது. எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம் என்ற வாய்ப்பாட்டில் எடைக்கே இடமில்லை. நிறுக்கத் தெரியாததால் முகந்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. குன்றிமணி அளவுக்குப் பொன்னை நிறுக்கத் தெரிந்த ஊர் அது. நெல்லை முகப்பது அவர்கள் தேர்ந்துகொண்ட முறை. களத்தில் மலையாகக் குவிந்த நெல்லைத் தராசில் ஏற்றி இறக்குவதைவிட, குனிந்து முகந்து, தலை தட்டி, முதல் மரக்காலை 'லாபம்' என்று எண்ணித் தள்ளுவது பலமடங்கு விரைவானது. அளந்தவன் கையில் இருந்தது உள்ளீடற்ற ஒரு பாத்திரம். வெறும் மரக்காலைத் தூக்கி எவனும் வலுவைக் காட்ட முடியாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். பலம், வீசை, மணங்கு என்ற நிறுத்தலளவைகள் தமிழ்நாட்டில் வழங்கினவே? நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு என்பது மளிகைக்கடை அறிந்த கணக்கு. சென்னை மணங்கு ஏறத்தாழ 25 பவுண்டு, அதாவது 11 கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். கைக்கு அடக்கமான எடைதான். மேலும் தமிழில் எடை என்ற சொல்லே 'எடு' என்ற வினையிலிருந்து வந்தது. 'தூக்கு' என்பதற்கு நிறுத்தல் என்றும் உயர்த்துதல் என்றும் பொருள் உண்டு. எடையையும் தூக்குவதையும் ஒன்றாகவே நினைத்த மொழி இது. மறுப்பு வலுவானது, ஆனாலும் அது களத்தைத் தொடவில்லை. வீசையும் மணங்கும் புளி, வெல்லம், மிளகாய் நிறுத்த கடைக்காரரின் தராசோடு நின்றன. சிறுசிறு கற்களைக் கூட்டி வைத்து நிறுத்தால் அங்கே போதும். அறுவடைக் காலத்தில் ஊரே கூடி, உடல் வலுவுள்ள ஆண்கள் திரண்டு, ஒருவரையொருவர் பார்த்துப் போட்டியிடும் இடம் கடையன்று, களமே. ரஷ்யாவில் எடைக்கல் இருந்த இடமும் கூட்டம் இருந்த இடமும் ஒன்றாயின. இங்கே அவை பிரிந்தே கிடந்தன.

தென்மாவட்டங்களில் இந்த வெற்றிடத்தைக் கல் நிரப்பியது. திருநெல்வேலி, தூத்துக்குடி, மதுரைப் பக்கத்து ஊர்களில் இளவட்டக்கல் இன்றும் கிடக்கிறது. பொங்கலை ஒட்டி அதைத் தூக்கித் தோளில் ஏற்றிப் பின்னால் போடும் போட்டிகள் நடக்கின்றன. பிடியற்ற, வழவழப்பான உருண்டைக் கல். அணைத்துத்தான் எடுக்க வேண்டும். காவிரிப் படுகையில் இவ்வழக்கம் அப்படி வேரூன்றாததற்குக் காரணம் காலடியிலேயே இருக்கிறது. அது வண்டல் மண். மண்வெட்டி போகும் ஆழமெல்லாம் களியும் மணலுமே. பெரிய கோயிலின் கருங்கல்லையே வேற்று நிலத்திலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. அம்மியும் ஆட்டுக்கல்லும் விலைக்கு வாங்கி வண்டியில் வந்தவை. விலை கொடுத்த கல்லை வீட்டுக்குள் வைப்பார்கள். தூக்கிப் போட்டுப் பார்க்க ஊர் மந்தையில் விட மாட்டார்கள். அளவை முறை இரும்பைத் தரவில்லை, நிலம் கல்லைத் தரவில்லை. எஞ்சியது மரம்.

அந்த மரத்தின் பயிற்சி வடிவம் கர்லாக்கட்டை. அடி பருத்து நுனி சிறுத்த கட்டையைத் தோளைச் சுற்றியும் முதுகுக்குப் பின்னாலும் சுழற்றுவது. பிடிக்கர்லா, கைக்கர்லா, புஜக்கர்லா என்று அளவுக்கும் பயனுக்கும் ஏற்ற பெயர்கள் வழங்குகின்றன. இது சங்க காலத்திலிருந்தே தொடரும் தூய தமிழ்க் கலை என்று இன்று பலர் மேடையில் சொல்கிறார்கள். பெரிய கோயிலின் வாயிற்காவலர் சிலைகள் பெருந்தண்டின் மீது சாய்ந்து நிற்பதையும் காட்டுவார்கள். அந்தப் பற்றை மதிக்கிறேன். ஆனால் அந்தச் சான்று போதாது. சிலையில் இருப்பது படைக்கலம். அதையே நாள்தோறும் எண்ணிச் சுழற்றும் பயிற்சியாக வைத்திருந்தார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டும். மாறாக, பயிற்சிக்கூடத்தின் சொற்களைக் கேட்டால் வேறொரு வழித்தடம் தெரிகிறது. தண்டால் வடக்கின் 'தண்ட்'. பயில்வான் பாரசீகத்துப் 'பஹ்லவான்'. பஸ்கி, உட்காருதலைக் குறிக்கும் மராட்டிய வினையோடு ஒட்டியது. 'கரேலா' என்ற பெயரில் கட்டை சுற்றுவது மராட்டிய நாட்டில் உண்டு. தஞ்சையை 1676 முதல் 1855 வரை மராட்டியர் ஆண்டனர். ஆர்க்காட்டு நவாபின் படைகளும் இந்த வழியே வந்து போயின. கட்டை சுழற்றும் பழக்கம் இங்கே முன்பே இருந்திருக்கலாம். அதற்குப் பெயரும் எண்ணிக்கையும் ஒழுங்கும் உள்ள பயிற்சி முறை இந்த இருநூறு ஆண்டுகளில்தான் அமைந்தது என்பதே சொற்களை வைத்து நான் வந்தடையும் முடிவு. வெளியிலிருந்து வந்ததை நம்முடையதாக்கிக்கொண்டதில் குறைவு ஏதுமில்லை. வீணையும் வயலினும் சேர்ந்து வளர்ந்த ஊர்தானே தஞ்சாவூர்?

இக்கட்டை கடல் கடந்தும் போயிற்று. இந்தியாவில் இருந்த ஆங்கிலப் படையினர் இதைக் கற்றுக்கொண்டு தாயகம் கொண்டுசென்றனர். 1834-இல் டொனால்டு வாக்கர் எழுதிய ஆங்கில உடற்பயிற்சி நூலில் 'இந்தியக் கட்டை' இடம்பெற்றது. 1904, 1932 ஒலிம்பிக் போட்டிகளில் கட்டை சுழற்றல் ஒரு பிரிவாகவே இருந்தது. அதே வேளையில் மேற்கிலிருந்து இரும்பு எதிர்த்திசையில் வந்தது. உலகப் புகழ்பெற்ற பலசாலி யூஜின் சாண்டோ 1904–05-இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். அவர் பெயர் தமிழில் பட்டமாகவே ஒட்டிக்கொண்டது, சாண்டோ சின்னப்பா தேவரை நினைத்தால் போதும். 1920-இல் ஹாரி க்ரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர் என்ற புதிய தொழிலையே உருவாக்கியது. இவ்வாறு டம்பெல்லும் பார்பெல்லும் தமிழ்நாட்டுக்கு வந்தபோது பயிற்சிக்கென்றே செய்த பொருள்களாகவே வந்தன. உள்ளூர்த் தராசோடு அவற்றுக்கு எந்த உறவும் இருக்கவில்லை.

மரமும் இரும்பும் உடலிடம் கேட்பவை வெவ்வேறு. கெட்டில்பெல்லின் எடைமையம் கைப்பிடிக்குக் கீழே தள்ளி இருக்கிறது. அதனால் அது ஊசல்போல் ஆடும். இடுப்பை மடக்கி நிமிர்த்தும் விசையால் அதைச் செலுத்துகிறோம். கர்லாக்கட்டையில் எடைமையம் இன்னும் தொலைவில். கணக்குக்காக 5 கிலோக் கட்டையின் எடைமையம் கையிலிருந்து 50 சென்டிமீட்டர் என்றும், 16 கிலோ கெட்டில்பெல்லுக்கு 15 சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், கிடையாக நீட்டிப் பிடிக்கும்போது மணிக்கட்டில் விழும் திருப்புவிசை இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. எடையால் இரும்பு செய்வதை நீளத்தால் மரம் செய்கிறது. ஆனால் முழு எடையையும் தாங்க வேண்டிய காலுக்கும் முதுகுக்கும் 5 கிலோ ஒரு பொருட்டன்று. கர்லாக்கட்டைக்காரர்கள் பஸ்கியையும் தண்டாலையும் சேர்த்தே வைத்திருந்ததன் பொருத்தம் இங்கே விளங்குகிறது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. நாள் முழுதும் உழுது, கதிரடித்து, நெல் மூட்டை சுமந்த உடம்புக்குத் தனியே பயிற்சி எதற்கு? கருவி பிறக்காததற்கு உழைப்பே காரணம், அளவை முறையன்று என்பார்கள். பாதி உண்மை. பயிற்சிக்கூடத்துக்குப் போக உபரிச் சோறும் ஓய்வும் வேண்டும். பண்ணையாளுக்கு இரண்டும் இல்லை. ஆனால் ரஷ்ய விவசாயியும் உழைப்பாளிதான். அவன் கையில் கிர்யா விளையாட்டானதே. உழைப்பு வலுவைக் காட்டும் வேட்கையைத் தடுப்பதில்லை, அது எந்தப் பொருளின் மேல் பாயும் என்பதைக் கையருகே கிடப்பது தீர்மானிக்கிறது. இதில் எல்லோரும் மறந்துவிடும் ஒரு கருவி உண்டு: உலக்கை. நெல் அரவை ஆலைகள் பரவும்வரை படுகையின் வீடுகளில் பெண்கள் நாள்தோறும் இரும்புப் பூண் கட்டிய அந்த நீண்ட மரத்தைத் தலைக்கு மேல் உயர்த்தி இறக்கினார்கள். ஓர் உரலில் இருவர் மாற்றி மாற்றி, கை மாற்றி, தாளம் தவறாமல், பாடிக்கொண்டே குத்தினார்கள். இந்நிலத்தின் வலுப்பயிற்சி வரலாற்றை எழுதுகிறவர் பயில்வானோடு நிறுத்திவிட்டு உலக்கையை விட்டுவிட்டால், வரலாற்றில் பாதியைத்தான் எழுதியிருப்பார்.

எடை இங்கே களத்துக்கு வந்தது மிகவும் பிந்தி. 1956-இன் எடை அளவைச் சட்டம் 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அப்போதும் நெல் அதற்கு எளிதில் பணியவில்லை. கூலி உயர்வுக்கான போராட்டம் முற்றி, 1968 டிசம்பர் 25-இல் கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட காலத்திலும் கூலிப் பேச்சு படியிலும் கலத்திலும்தான் நடந்தது. அதன்பின் வந்த 1969-இன் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டமும் நெற்கூலியை லிட்டரில்தான் குறித்தது. மெட்ரிக் முறைக்குள் வந்த பிறகும் அரசே நெல்லை முகந்துதான் பார்த்திருக்கிறது. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தொடங்கி, நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் பெருகிய பிறகே கிலோ களத்தை வென்றது. இன்று அங்கே நெல் 40 கிலோச் சிப்பமாகப் பிடிக்கப்படுகிறது; சுமைதூக்கும் தொழிலாளர் அதைத் தலையிலும் தோளிலும் ஏற்றி லாரியில் அடுக்குகிறார்கள். ஆனால் அந்தச் சிப்பத்தை நிறுப்பது மின்னணுத் தராசு. அதற்கு எதிர்த்தட்டும் இல்லை, எடைக்கல்லும் இல்லை. கடைத்தெருக்களிலும் அறுகோண வார்ப்பிரும்புக் கற்கள் அரிதாகி வருகின்றன. ரஷ்யச் சந்தையின் எடைக்கல் தஞ்சாவூரின் உடற்பயிற்சிக் கூடத்துக்கு வந்து சேர்ந்தது, தஞ்சாவூரின் சொந்த எடைக்கல் தராசைவிட்டு இறங்கிய அதே காலத்தில்தான்.