எந்த 'ரப்பர் சோல்' உண்மையானது?



சங்க இலக்கியம் கற்பிக்கையில் 'பாடபேதம்' என்ற சொல்லை விளக்க நேரிடும். ஏட்டுக்கு ஏடு சொற்கள் மாறியிருந்தால் எதை மூலமாகக் கொள்வது என்பது பதிப்பாசிரியர்களின் பழைய வழக்கு. அச்சும் ஒலிப்பதிவும் வந்த பின்னர் இவ்வழக்கு ஒழிந்துவிட்டது என்று மாணவர்கள் எண்ணுவர். பீட்டில்ஸ் இசைக்குழுவின் தீவிர இரசிகர்கள் அவ்வாறு எண்ணுவதில்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அவர்களின் வாதம் ஓயவில்லை.

1965 டிசம்பரில் 'ரப்பர் சோல்' இசைத்தட்டு வெளியானது. இங்கிலாந்தில் அதில் 14 பாடல்கள், அமெரிக்காவில் 12. இங்கிலாந்தின் இ.எம்.ஐ. நிறுவனத்திற்குச் சொந்தமான அமெரிக்கக் கேப்பிடல் நிறுவனம், நான்கு பாடல்களை நீக்கி, முந்தைய 'ஹெல்ப்' தட்டின் பிரிட்டிஷ் பதிப்பில் இருந்த இரண்டைச் சேர்த்தது. காரணம் கலையன்று, கணக்கு. அமெரிக்காவில் பாடல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே உரிமைத்தொகை செலுத்த வேண்டும். பாடல் குறைந்தால் செலவு குறையும். எஞ்சியவற்றைக் கொண்டு மற்றுமொரு தட்டையும் விற்கலாம்.

வணிகர் வெட்டியது என்று ஒதுக்கிவிடலாம் என்றால், வரலாறு குறுக்கே நிற்கிறது. பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சனை வியப்பில் ஆழ்த்தி, 1966இல் 'பெட் சவுண்ட்ஸ்' தொகுப்பைப் படைக்கத் தூண்டியது இந்த அமெரிக்கப் பதிப்பே. அத்தொகுப்பு பால் மெக்கார்ட்னியை 1967இன் 'சார்ஜண்ட் பெப்பர்' நோக்கிச் செலுத்தியது. ஆகவே, 'எங்கள் தட்டே நாட்டுப்புறச் சாயலோடு ஒரே சீராக ஒலிக்கிறது' என்று அமெரிக்க இரசிகர்கள் வாதிடும்போது அதனை வெறும் பிடிவாதம் என்று தள்ள என்னால் இயலவில்லை. அவர்களின் ஸ்டீரியோ பதிப்பில் ஒரு பாடலின் தொடக்கத்தில் கிட்டார் தடுமாறி நின்று மீண்டும் தொடங்கும். அந்தத் தடுமாற்றம் இல்லாமல் அப்பாடலைக் கேட்க அவர்களுக்கு மனம் வருவதில்லை.

'ரிவால்வர்' கதை இதனினும் வருந்தத்தக்கது. 1966 ஆகஸ்டில் வந்த அத்தட்டில் பிரிட்டிஷ் பதிப்பின் 14 பாடல்களுள் மூன்று அமெரிக்காவில் இல்லை. அம்மூன்றும் ஜான் லெனன் முதன்மையாகப் பாடியவை. ஜூனிலேயே வேறொரு தட்டில் விற்கப்பட்டுவிட்டன. எனவே அமெரிக்கத் தட்டில் லெனன் தலைமையேற்றுப் பாடியவை இரண்டே. அதனை மட்டும் கேட்டு வளர்ந்தவர், அவ்வாண்டில் லெனன் பின்தங்கிவிட்டார் என்று முடிவு கட்டினால் குற்றம் யாருடையது? சான்று குறைந்தால் தீர்ப்பும் கோணும். வரலாற்றுப் பாடத்தில் நான் இதனை அடிக்கடி எடுத்துக்காட்டுவதுண்டு.

1987இல் குறுவட்டுகள் வந்தபோது பிரிட்டிஷ் வரிசையே உலகப் பொதுப் பதிப்பாயிற்று. ஒரே விலக்கு 'மேஜிகல் மிஸ்டரி டூர்'. இங்கிலாந்தில் 1967இல் அது ஆறு பாடல்கள் கொண்ட இரட்டைச் சிறுதட்டாக மட்டுமே வெளிவந்தது. அமெரிக்கர்கள் தனிப்பாடல் தட்டுகளில் வந்த ஐந்தினைச் சேர்த்து முழுத்தட்டாக்கினர். அந்த வடிவமே இன்று உலகெங்கும் நிலைபெற்றுள்ளது. மூலமே வேதம் என்று வாதிடும் பிரிட்டிஷ் இரசிகர்கள் இவ்விடத்தில் மட்டும் சற்று அடக்கி வாசிப்பது வேடிக்கை!

அமெரிக்கப் பதிப்புகள் முற்றிலும் மறையவில்லை. 2004இலும் 2006இலும் கேப்பிடல் அவற்றுட் சிலவற்றைப் பெட்டித் தொகுப்புகளாக வெளியிட்டது. 2014இல் இன்னும் விரிவான தொகுப்பு வந்தது. அதில் பாடல் வரிசை அமெரிக்காவினுடையதாக இருப்பினும், ஒலி பெரும்பாலும் 2009இல் செப்பனிடப்பட்ட பிரிட்டிஷ் பதிவுகளிலிருந்தே எடுக்கப்பட்டிருந்தது. இரசிகர்கள் அதனை உடனே கண்டுபிடித்து, இது எங்கள் தட்டே அன்று என்று மீண்டும் வழக்காடத் தொடங்கினர்.