ரெண்டு கம்பி, ஒரு வால்வு: கொஞ்சம் வரலாறு

வால்வு ப்ரீஆம்ப் மோகம் இப்போ திரும்பி வந்திருக்கு. கூடவே "பேலன்ஸ்டு"னு ஒரு வார்த்தை ஒட்டிக்கிட்டா விலையும் சட்டுனு ஏறிடுது. சிடி ப்ளேயர், டர்ன்டேபிள், கம்ப்யூட்டர்னு எதை மாட்டினாலும் தேனா கொட்டும்னு சொல்றாங்க. நிஜமா இது எதுக்காக வந்த சமாச்சாரம்னு பின்னாடி போய்ப் பார்த்தா, பாட்டுக்காக இல்லை, போனுக்காக!

ஆரம்பகால டெலிபோனுக்கு ஒரே கம்பிதான். திரும்பி வர்ற வழி பூமி. அதனால பக்கத்துத் தந்திக் கம்பி சத்தமெல்லாம் பேச்சோட சேர்ந்து வந்தது. 1881-ல கிரகாம் பெல், ரெண்டு கம்பியை முறுக்கி அனுப்புற முறைக்குக் காப்புரிமை வாங்கினார். தராசோட ரெண்டு தட்டுலயும் ஒரே எடையைப் போட்டா முள் அசையாது இல்லையா, அதே கணக்கு. வெளியிலிருந்து வர்ற இரைச்சல் ரெண்டு கம்பியிலயும் சமமா ஏறும். கடைசியில ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்தா இரைச்சல் கழிஞ்சிடும், பேச்சு மட்டும் மிஞ்சும்.

1906-ல லீ டி ஃபாரஸ்ட் மூணு முனை வால்வைக் கொண்டு வந்தார். 1915-ல நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வரை பேச முடிஞ்சதுக்கு வழியில இருந்த வால்வு பெருக்கிகள்தான் காரணம். 1936-ல இங்கிலாந்தில ஆலன் ப்ளூம்லைன், ரெண்டு வால்வை ஜோடி சேர்த்து வித்தியாசத்தை மட்டும் பெருக்குற சர்க்யூட்டுக்குக் காப்புரிமைக்கு விண்ணப்பிச்சார். இன்னைக்கு விக்கிற பேலன்ஸ்டு வால்வு ப்ரீஆம்ப் நிறையதுக்கு அதுதான் பாட்டன்.

நம்ம பக்கம் வருவோம். 1924-ல சென்னையில ஒரு ரேடியோ கிளப் ஒலிபரப்பை ஆரம்பிச்சது. பணம் இல்லாம 1927-ல மூடிட்டாங்க. அந்தக் கருவிகளை வெச்சு 1930-லிருந்து சென்னை மாநகராட்சியே ஒலிபரப்பு நடத்திச்சு. 1938 ஜூன் 16 அன்னைக்கு அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தது, அடுத்த வருஷம் திருச்சிக்கு. ரேடியோ நிலையங்கள்ல ஸ்டுடியோவுக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் தூரம் அதிகம். அதனால அங்க ரெண்டு கம்பி முறைதான். ஆனா வீட்டுக்கு வந்த ரேடியோ பெட்டிக்குள்ள ஒத்தக் கம்பி முறையே போதுமா இருந்தது. பெங்களூர் பெல் கம்பெனி 1961-லிருந்து ரேடியோ வால்வு செஞ்சது. தபால் ஆபீஸ்ல லைசென்ஸ் கட்டித்தான் ரேடியோ கேட்கணும்ங்கிற நிலைமை 1980-கள் வரைக்கும் இருந்தது.

இங்கதான் ஆரணி, சந்தவாசல் பக்கம் இருக்கறவங்க கவனிக்கணும். தறி வீட்டுப் பரண்ல கிடக்கிற வால்வு ரேடியோவுக்குப் பின்னாடி "பிக்கப்"னு ஒரு சாக்கெட் இருக்கும். ரெக்கார்டு ப்ளேயர் மாட்டத்தான் அது. "அதுல செல்போனைச் சொருகிக் கேட்கலாம்"னு கிளம்பிடாதீங்க! அப்போ சில ஊர்ல ஏசி கரண்ட், சில ஊர்ல டிசி கரண்ட். ரெண்டுலயும் ஓடணும்னு டிரான்ஸ்பார்மரே இல்லாம நிறைய செட் செஞ்சாங்க. அதுல சேசிஸே நேரா மெயின்ஸோட சேர்ந்திருக்கும். ஒயர் வழியா ஷாக் உங்க கைக்கு வரும். யுசிஎச், யுஎல், யுஒய்னு "யு"வில ஆரம்பிக்கிற வால்வு இருந்தா ஏறக்குறைய அந்த ரகம்தான். "இ" எழுத்து வால்வா இருந்தாலும் விவரம் தெரிஞ்ச மெக்கானிக் பார்க்காம எதையும் மாட்டாதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ள கண்டன்சர்ல கரண்ட் தேங்கி நிக்கும்.

சரி, வீட்ல பேலன்ஸ்டு தேவையா? எதை மாட்டுறோம்ங்கிறதைப் பொறுத்தது. ரெக்கார்டு ப்ளேயர் ஊசியோட காந்தச் சுருள், ரெண்டு முனையும் தரையைத் தொடாம நிக்கிறது. பிறவியிலேயே பேலன்ஸ்டு. அதுல வர்றதோ சுமார் 5 மில்லிவோல்ட். சின்ன இரைச்சலும் பெருசாக் கேட்கும். அங்க நிச்சயமா பலன் உண்டு. சிடி ப்ளேயர் 2 வோல்ட் தருது, கிட்டத்தட்ட 400 மடங்கு. ஒரு மீட்டர் ஒயர்ல அதுக்கு ஒண்ணும் ஆகாது. ஒத்தக் கம்பி சிடி ப்ளேயருக்கு அடாப்டர் போட்டு மூணு முள் பிளக்கா மாத்திட்டா மட்டும் அது முழு பேலன்ஸ்டு ஆயிடாது :-) ப்ரீஆம்ப் இந்தப் பக்கம், பவர் ஆம்ப் ஹால் அந்தக் கோடியில இருந்தா, அப்போ ரெண்டு கம்பி தன் வேலையைக் காட்டும்.

இன்னொண்ணு. நல்ல வால்வு செட்டைத் திறந்தா, 6.3 வோல்ட் ஹீட்டர் ஒயர் ரெண்டும் முறுக்கி ஓடியிருக்கும். 'ஹம்' வராம இருக்க அந்தக் கால மெக்கானிக் கையால முறுக்கினது. 1881-ல பெல் போட்ட அதே முறுக்குதான். இந்தக் கைவேலை தெரிஞ்சவங்க ஊருக்கு ஒருத்தர் ரெண்டு பேர்தான் மிச்சம். பழைய இரும்புக்குப் போடறதுக்கு முன்னாடி, அவங்க இருக்கும்போதே ஒரு தடவை அவங்க கையில காட்டிடுங்க.