ஒளிபுகும் திரைப்பூட்டு

கணினித் திரையில் உள்ளதை அனைவரும் பார்க்கலாம்; ஆனால் விசைப்பலகையும் சுட்டியும் இயங்கா. இவ்வாறு பூட்டும் முறையே ஒளிபுகும் திரைப்பூட்டு. வழக்கமான திரைப்பூட்டு உள்ளதை மறைக்கிறது, பிறர் கைவைக்காமலும் தடுக்கிறது. இது தடுக்கும் வேலையை மட்டும் செய்கிறது. மறைத்தலும் தடுத்தலும் வெவ்வேறு தேவைகள் என்பதை இதன் வரலாறு காட்டுகிறது.

சாவியால் பூட்டிய கணினி

1984 ஆகஸ்டில் வெளிவந்த ஐபிஎம் பிசி ஏடி கணினியின் முகப்பில் ஒரு சாவித் துளை இருந்தது. சாவியைத் திருப்பினால் பெட்டியின் மூடி பூட்டிக்கொள்ளும். விசைப்பலகையில் தட்டுவதைக் கணினி ஏற்காது. ஆனால் ஓடும் நிரல் நிற்காது, திரையும் அணையாது. நெடுநேரக் கணக்கீட்டை ஓடவிட்டுச் செல்பவர், அது எதுவரை வந்திருக்கிறது என்பதைத் திரையைப் பார்த்தே அறியலாம். அதே 1984இல்தான் காட்பாடியில் வேலூர் பொறியியல் கல்லூரி (இன்றைய விஐடி) தொடங்கப்பட்டது. கணினியைப் பலர் முறைவைத்துப் பயன்படுத்தும் ஆய்வகங்களுக்கு இத்தகைய பூட்டு ஏற்றது.

மென்பொருள் பூட்டு

அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் எக்ஸ் விண்டோ அமைப்பு உருவானதும் 1984இல்தான். அதற்கென வந்த எக்ஸ்லாக் நிரல், திரையை அசையும் படங்களால் மூடிக் கடவுச்சொல் கேட்டது. 1993இல் வெளியான விண்டோஸ் என்டியும் பூட்டும்போது திரையை மறைத்தது. இவ்வாறு மறைப்பதே பொது வழக்கமானது.

அதே 1993இல் இயன் ஜாக்சன் எழுதிய எக்ஸ்டிஆர்லாக் மாற்று வழியில் சென்றது. திரை அப்படியே தெரியும். சுட்டியின் குறி மட்டும் பூட்டு வடிவமாக மாறும். கடவுச்சொல்லைத் தட்டி என்டர் அழுத்தினால் திறக்கும். தொடுதிரைகள் பரவியபின் இதில் ஒரு குறை வெளிப்பட்டது: பல விரல் தொடுகையை அது தடுக்கவில்லை. விசையையும் சுட்டியையும் மனத்தில் வைத்து எழுதிய பூட்டுக்கு விரல் புதிய சாவியாகிவிட்டது.

கைப்பேசிகளிலும் இக்கொள்கை நுழைந்தது. 2012இல் ஐஓஎஸ் 6 பதிப்பில் வந்த வழிகாட்டு அணுகல் வசதி, ஒரே செயலியைத் திரையில் நிறுத்தித் தொடுகையையும் முடக்க இடமளித்தது.

வாக்குச்சாவடியில்

காட்சியைத் திறந்து கையைத் தடுக்கும் இதே கொள்கையை, கணினித் திரைக்கு வெளியே, தேர்தலில் காணலாம். 2019 மக்களவைத் தேர்தலில் எல்லா வாக்குச்சாவடிகளிலும் விவிபேட் கருவி வைக்கப்பட்டது. அச்சாகும் சீட்டு கண்ணாடிச் சாளரத்தின் பின்னால் 7 விநாடி தெரியும். பின்பு முத்திரையிட்ட பெட்டிக்குள் விழும். வாக்காளர் பார்க்கலாம், தொட முடியாது.

அரக்கோணம் மக்களவைத் தொகுதிக்குள் அடங்கும் காட்பாடி, 2019 ஏப்ரல் 18இல் வாக்களித்தது. பாலாற்றின் அக்கரையில் உள்ள வேலூரும், ஆம்பூரும் அடங்கிய வேலூர் தொகுதியில், பெருந்தொகைப் பணம் கைப்பற்றப்பட்டதால் ஏப்ரல் 16இல் தேர்தல் ரத்தானது. ஆகஸ்டு 5இல்தான் அங்கு வாக்குப்பதிவு நடந்தது. சட்டமன்றத் தொகுதிக்கு 5 சாவடிகளின் சீட்டுகளை எண்ணிச் சரிபார்க்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் அந்த ஏப்ரலில் உத்தரவிட்டிருந்தது. சீட்டில் யாரும் கைவைக்கவில்லை என்பதே அந்தச் சரிபார்ப்பின் அடிப்படை.

பயனும் வரம்பும்

பலர் பார்க்க வேண்டிய அறிவிப்புத் திரைக்கும் ஓடிக்கொண்டிருக்கும் கணக்கீட்டுக்கும் ஒளிபுகும் பூட்டு பொருந்தும். நோயாளியின் மருத்துவக் குறிப்போ தொழிலாளியின் சம்பளப் பட்டியலோ திறந்திருக்கும் திரைக்கு அது பூட்டே ஆகாது. அங்கே பார்ப்பதே இழப்பு.